கான்டினென்டல் ரோடு அட்டாக் 3: புது டயர் பழகும்வரை

டயர் விமர்சனம் என்றால் எத்தனை கிலோமீட்டர் உழைத்தது, மழையில் எப்படி நின்றது என்றுதான் வழக்கமாக எழுதுவார்கள். டயரை மாட்டிக்கொண்டு கடையை விட்டு வெளியே வரும் முதல் நாளைப் பற்றி இரண்டு வரிகூட இருக்காது. எனக்கு அந்த முதல் நாள்தான் முக்கியம். நன்றாக வண்டி ஓட்டத் தெரிந்தவர்களே, புது டயர் போட்ட கையோடு முதல் திருப்பத்தில் சறுக்கி விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் வேகமாகப் போகவில்லை. காலையில் பழைய டயரில் எப்படித் திரும்பினார்களோ அப்படியேதான் திரும்பினார்கள். அதனால் கான்டினென்டல் ரோடு அட்டாக் 3 பற்றிய இந்த விமர்சனத்தில் டயர் பழகும் காலத்துக்கே, அதாவது மேல் வழவழப்பு தேய்ந்து சாலையைப் பிடிக்கத் தொடங்கும்வரையான காலத்துக்கே, அதிக இடம் கொடுக்கிறேன்.

வண்டி யமஹா டிரேசர் 900. முன் டயர் 120/70, பின் டயர் 180/55, இரண்டும் 17 அங்குல ரிம். ரோடு அட்டாக் 3 ஸ்போர்ட் டூரிங் வகையைச் சேர்ந்தது. நெடுந்தூரமும் போக வேண்டும், வளைவிலும் சாய வேண்டும், மழை வந்தாலும் நம்ப வேண்டும் என்பவர்களுக்கான டயர். 2017-இல் வந்தது. இதற்கு அடுத்த தலைமுறையாக ரோடு அட்டாக் 4-ம் வந்துவிட்டது. நான் எழுதுவது 3 பற்றி மட்டும்.

இதைத் தேர்ந்தெடுக்க எனக்கு முதல் காரணம் கம்பெனி ‘டிராக்‌ஷன் ஸ்கின்’ என்று பெயர் வைத்திருக்கும் மேற்பரப்பு. அது என்ன என்று புரிய, புது டயர் ஏன் வழுக்குகிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். டயரை ஒரு அச்சுக்குள் வைத்து, சூடும் அழுத்தமும் கொடுத்து வேக வைக்கிறார்கள். வெந்த ரப்பர் அச்சில் ஒட்டிக்கொள்ளாமல் கழன்று வருவதற்கு ஒரு பூச்சு அடிப்பது நெடுநாள் வழக்கம். அதில் கொஞ்சம் டயர்மேல் தங்கிவிடும். இப்போது எல்லாக் கம்பெனிகளும் அதை டிரெட்டின்மேல், அதாவது தரையைத் தொடும் பகுதியின்மேல், அடிப்பதில்லை. ஆனாலும் அச்சின் உள்பக்கம் வழவழப்பாக இருப்பதால் அதிலிருந்து வரும் ரப்பரும் வழவழப்பாகவே வரும். அதோடு, காற்றிலுள்ள ஓசோன் ரப்பரை வெடிக்கச் செய்யாமல் இருக்க மெழுகு போன்ற பொருட்களைக் கலந்திருப்பார்கள். அவை மெல்ல மேலே கசிந்து வரும். பூச்சே இல்லாத டயரும் முதல் நாளில் வழுக்கத்தான் செய்யும் என்பது இதனால்தான். ‘இந்தக் கம்பெனி பூச்சு அடிப்பதில்லை, அதனால் பயமில்லை’ என்று யாராவது சொன்னால் பாதிதான் உண்மை.

கான்டினென்டல் இங்கே என்ன செய்திருக்கிறது என்றால், அச்சுக்கே ஒரு தனி முலாம் கொடுத்திருக்கிறது. டயர் அதிலிருந்து பூச்சு இல்லாமலே கழன்று வந்துவிடும். மேற்பரப்பும் கண்ணுக்குத் தெரியாத அளவு சொரசொரப்போடு வெளியே வரும். மாட்டுவதற்கு முன்னால் டயர் தரையில் கிடந்தபோதே குனிந்து பார்த்தேன். புது டயருக்கே உரிய அந்தப் பளபளப்பு நடுப்பகுதியில் இல்லை, மங்கலான கறுப்பு. கட்டைவிரலை அழுத்தி இழுத்தால், வேறு புது டயர்களில் விரல் சர்ரென்று ஓடிவிடும். இதில் தடுக்கித் தடுக்கி நகர்ந்தது.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கம்பெனி சொல்வது, டயர் சீக்கிரமாகவும் பாதுகாப்பாகவும் பழகிவிடும் என்பதைத்தான். பழக்கவே வேண்டாம் என்ற பேச்சு இல்லை. பழக்குவது என்பது ரப்பரின் மேல்தோல் சம்பந்தப்பட்டது மட்டும் இல்லையே.

டயரை ரிம்மில் ஏற்றும்போது இரு விளிம்பிலும் சோப்புப் பசை தடவுவார்கள். அது முழுசாகக் காய ஒரு நாளாவது வேண்டும். ஈரம் இருக்கும்போதே த்ராட்டிலை வெடுக்கென்று முறுக்கினாலோ, பிரேக்கை இறுக்கிப் பிடித்தாலோ டயர் ரிம்மின்மேல் நழுவிச் சுற்றிவிடலாம். பார்த்துப் பார்த்து வைத்த பேலன்ஸ் அத்தோடு போச்சு. நான் என்ன செய்வேன் என்றால், வால்வுக்கு நேரே ரிம்மிலிருந்து டயரின் பக்கச் சுவர்வரை சாக்பீஸால் ஒரு நீளக் கோடு போட்டுவிடுவேன். மறுநாள் கோடு ஒரே நேராக இருந்தால் டயர் நகரவில்லை. இரண்டு துண்டாக விலகி நின்றால் மறுபடி பேலன்ஸ் பார்க்க வேண்டும். இந்த டயரில் முன்னும் பின்னும் கோடு அசையவில்லை.

அடுத்தது காற்று. டயரின் விளிம்பு ‘டப்’ என்று ரிம்மில் உட்காருவதற்காகக் காற்றை அதிகமாக ஏற்றுவார்கள். உட்கார்ந்தபிறகு குறைக்க மறந்து, அப்படியே வண்டியை அனுப்பிவிடும் கடைகளும் உண்டு. புது டயர், அதில் அளவுக்கு மீறிய காற்று என்றால் தரையைத் தொடும் பரப்பு இன்னும் சுருங்கிவிடும். என் வண்டிக்கு யமஹா சொல்வது முன்னால் 36 பி.எஸ்.ஐ, பின்னால் 42. டயரின் பக்கச் சுவரில் அச்சடித்திருக்கும் எண் அதற்கான உச்ச வரம்பு. அந்த அளவுக்கு நிரப்பச் சொல்லி அங்கே போடவில்லை. மறுநாள் காலையில், வண்டியை எடுப்பதற்கு முன்பு டயர் சூடாகாத நிலையில் சொந்த கேஜை வைத்து மறுபடி அளந்துவிடுங்கள்.

பிரேக்கைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சக்கரத்தைக் கழற்றி மாட்டும்போது, டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பருக்குள் பேட்கள் பின்னுக்குத் தள்ளப்பட்டிருக்கும். முதல் அமுக்கில் லீவர் கைப்பிடிவரை வந்துவிடும், பிரேக் பிடிக்கவே பிடிக்காது. அதனால் வண்டியை நகர்த்தும் முன்பே முன் லீவரையும் பின் பெடலையும் கெட்டியாகும்வரை திரும்பத் திரும்ப அமுக்க வேண்டும். டிஸ்க்கில் பசையோ கிரீஸோ பட்டிருந்தால் துடைக்கச் சொல்லுங்கள். டயரிலுள்ள அம்புக்குறி சக்கரம் சுற்றும் திசையில் இருக்கிறதா, செயின் தொய்வு சரியாக இருக்கிறதா என்பதையும் அங்கேயே பார்த்துவிடலாம். தயாரிப்புத் தேதி பக்கச் சுவரில் நான்கு இலக்கமாக இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். டயர் மாட்டிய பையன் வண்டியைக் கொடுக்கும்போது, “அண்ணே, நூறு கிலோமீட்டர் மெதுவா போங்க, அப்புறம் உங்க இஷ்டம்” என்றான். அக்கறையாகத்தான் சொன்னான். டயர் கம்பெனிகளும் 100, 160 கிலோமீட்டர் என்ற மாதிரிக் கணக்குத்தான் சொல்கின்றன. அந்தக் கணக்கில் தப்பில்லை. ஆனால் அந்த நூறு கிலோமீட்டரை எங்கே, எப்படி ஓட்டுவது என்று யாரும் சொல்வதில்லை.

பைக் டயர் குறுக்குவாட்டில் வளைந்தது. நேராக ஓடும்போது தரையைத் தொடுவது நடுவிலுள்ள ஒரு பட்டை மட்டும், அதுவும் உள்ளங்கை அளவுதான் இருக்கும். வண்டியைச் சாய்க்கச் சாய்க்க அந்த இடம் ஓரத்தை நோக்கி நகர்கிறது. அப்படியென்றால் நேரான நெடுஞ்சாலையில் 500 கிலோமீட்டர் ஓட்டினாலும் நடுப் பட்டைதான் பழகியிருக்கும். பக்கவாட்டு ரப்பர் கடையிலிருந்து வந்த மாதிரியே இருக்கும். ‘ஆயிரம் கிலோமீட்டர் ஆச்சு, டயர் பழகிடுச்சு’ என்ற நம்பிக்கையோடு முதல் முறை ஒரு மலைப்பாதை வளைவில் சாயும்போது, டயரின் அந்த இடம் தன் முதல் கிலோமீட்டரில் இருக்கிறது. நடுவில் பிடிக்கும் டயர் ஓரத்தில் விட்டுவிடும். அதுவும் முன் டயர் விட்டால் சுதாரிக்க நேரமே இருக்காது. டயரின் ஒவ்வொரு பட்டையையும் தனித்தனியாகப் பழக்க வேண்டும் என்பதை டயர் வாங்கும் ஒவ்வொருவருக்கும் கடைக்காரர் சொல்ல வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

அதனால் புது டயர் போட்டதும் நான் தேடுவது வளைவுகள் நிறைந்த, வண்டி நடமாட்டம் குறைந்த, காய்ந்த சாலை. இடது வலது இரண்டு பக்கமும் வளைவுகள் இருக்க வேண்டும். முதலில் கொஞ்ச தூரம் வண்டியை நிமிர்த்தியே ஓட்டி, நேர்க்கோட்டில் மிதமாக வேகம் கூட்டி, மிதமாக பிரேக் பிடித்து டயரைச் சூடாக்குவேன். டயருக்குள் சூடு வருவது அது நசுங்கி நிமிர்வதால்தான். ரேஸில் செய்வதைப் பார்த்துவிட்டு, வண்டியை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டே போகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் பெரிதாகச் சூடும் ஏறாது. பழகாத ஓரத்தில் தேவையில்லாமல் பாரம் விழுவதுதான் மிச்சம்.

அப்புறம் வளைவுகள். வளைவுக்குள் நுழையும் முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, உள்ளே த்ராட்டிலை ஒரே சீராக வைத்துக்கொண்டு, வழக்கத்தைவிட நன்றாகக் குறைவாகச் சாய்ப்பேன். சாய்ந்த நிலையில் பிரேக்கைத் தொடுவதில்லை, த்ராட்டிலைத் திடீரென்று திறப்பதும் மூடுவதும் இல்லை. அதே சாய்வில் பல வளைவுகள் போனபிறகு இன்னும் கொஞ்சம். நடுவில் வண்டியை நிறுத்தி டயரைப் பார்ப்பேன். தேய்ந்த பகுதி எதுவரை வந்திருக்கிறது, புதிசாக இருப்பது எங்கே தொடங்குகிறது என்று ஒரு எல்லைக்கோடு தெரியும். ஒவ்வொரு சுற்றிலும் அந்தக் கோடு ஒரு விரல் அகலம் ஓரத்துக்கு நகர்ந்தால் போதும். ஒரே தாவலில் ஓரத்தைத் தொட ஆசைப்படக் கூடாது.

ரோடு அட்டாக் 3-இல் இந்தக் கோட்டைக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும். மற்ற டயர்களில் புதுப் பகுதி பளபளவென்று இருப்பதால் எல்லை பளிச்சென்று தெரியும். இதில் புதுப் பகுதியே மங்கல் என்பதால், டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். தேய்ந்த இடத்தில் ரப்பர் லேசாகச் சுருண்டு மணல்தாள் மாதிரித் தெரிந்தது. புது இடம் அப்படியே சமமாக இருந்தது.

ஓட்டும்போது என்ன வித்தியாசம் என்று கேட்டால், முதல் வளைவிலிருந்தே டயர் பேசியது என்பேன். முன்பு போட்டிருந்த வேறு ஒரு கம்பெனி டயரில், பழகாத பட்டைக்குப் போகும்போதெல்லாம் பின்பக்கம் லேசாக நெளிந்து காட்டும். அந்த நெளிவு இதில் ஒரு தடவைகூட வரவில்லை. ஹேண்டில்பாரில் சாலையின் சொரசொரப்பு அப்படியே கைக்கு வந்தது. டிராக்‌ஷன் ஸ்கின் என்பது விளம்பர வார்த்தை மட்டும் இல்லை என்று எனக்குத் தோன்றியது இந்த இடத்தில்தான். அப்படியிருந்தும் மேலே சொன்ன முறையை நான் சுருக்கவில்லை. நல்ல மேற்பரப்பு கிடைத்திருக்கிறது என்பதால் கவனத்தைக் குறைத்துக்கொண்டால் அந்த நன்மை நமக்கு வந்து சேராது.

ஓரத்தில் கடைசிவரை ஒரு பட்டை தேயாமல் நிற்கும். அது இருப்பதை அவமானமாக நினைத்து, அதை அழிப்பதற்காகவே சாய்க்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பொதுச் சாலையில் அந்த அளவு சாய்வு தேவையே இல்லை. ஆனால் அந்தப் பட்டை இன்னும் புதுசு என்பது மட்டும் நினைவில் இருக்க வேண்டும். வளைவு நினைத்ததைவிட இறுகிக்கொண்டே போகும்போது நாம் இறங்கப்போவது அதன்மேல்தான்.

பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ் இருக்கிறது, பின் சக்கரம் வழுக்கிச் சுழலாமல் தடுக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோல் இருக்கிறது, அப்புறம் என்ன என்று சிலர் கேட்கலாம். என் வண்டியிலும் இரண்டும் உண்டு. ஆனால் டிரேசர் 900-இன் ஏ.பி.எஸ்ஸுக்கு வண்டி எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று தெரியாது. அதைக் கணக்கிடும் உணரி இதில் இல்லை. உணரி உள்ள வண்டியானாலும், பிடிமானம் இல்லாத ரப்பருக்கு எந்த மின்னணுவும் பிடிமானத்தை உண்டாக்கித் தந்துவிடாது.

புது டயரில் இன்னொரு மாற்றத்தையும் எதிர்பார்த்திருக்க வேண்டும். பழைய பின் டயர் நெடுஞ்சாலை ஓட்டத்தில் நடுவில் தட்டையாகியிருக்கும். அதில் வண்டியைச் சாய்க்க ஒரு தள்ளு தள்ள வேண்டும், நமக்கும் அது கைப்பழக்கமாகியிருக்கும். உருண்டையான புது டயர் வந்ததும், அதே தள்ளலுக்கு வண்டி சட்டென்று உள்ளே விழுகிறது. வழுக்குகிறது என்று பயந்து பிரேக்கைப் பிடித்துவிடுவார்கள், அது வேறு விதத்தில் ஆபத்து. ரோடு அட்டாக் 3 இயல்பிலேயே சுலபமாகத் திரும்பும் டயர் என்பதால் இந்த வித்தியாசம் எனக்கு நன்றாகவே தெரிந்தது. முதல் நாளில் பழக வேண்டியது டயர் பாதி, நம் கை பாதி. இரண்டு நாளில் இதே குணம் பெரிய சுகமாகிவிட்டது. வளைவின் நடுவில் பாதையைக் கொஞ்சம் மாற்ற வேண்டியிருந்தால்கூடப் பார்வையைத் திருப்பினாலே வண்டி பின்னால் வருகிறது.

சீக்கிரம் பழக்கிவிடலாம் என்று சொல்லப்படும் குறுக்கு வழிகள் எதையும் நான் ஏற்பதில்லை. மணல்தாளால் தேய்ப்பது ஒரு சீரான மேற்பரப்பைத் தராது. பெட்ரோல், மண்ணெண்ணெய், பிரேக் கிளீனர் இவற்றால் துடைத்தால் ரப்பரே கெடும். நின்ற இடத்தில் பின் சக்கரத்தைச் சுழற்றிப் புகை கிளப்பினால் நடுப் பட்டை வெந்து தேயும். நமக்குக் கவலை தரும் ஓரத்தை அது தொடவே தொடாது. டயருக்குப் பளபளப்பு தரும் பாலிஷை டிரெட்டின்மேல் பூசுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மழை. புது டயரில் முதல் நாளே மழையில் மாட்டிக்கொண்டால் வண்டியை ஓரங்கட்டிக் காத்திருப்பதுதான் நல்லது. டயர் பழகியபிறகு ஈரத்தில் ஓட்டியதில் எனக்கு முழுத் திருப்தி. ஈரச் சாலையில் நேராக பிரேக் பிடிக்கும்போது ஏ.பி.எஸ் நான் எதிர்பார்த்ததைவிடத் தாமதமாகத்தான் வேலை செய்ய ஆரம்பித்தது. அவ்வளவு பிடிமானம் இருந்தது என்று அர்த்தம். சாலையில் அடித்திருக்கும் வெள்ளைக் கோடும் இரும்பு மூடியும் எந்த டயருக்கும் வழுக்கும், இதற்கும்தான்.

டயரின் நடுப்பகுதி உழைக்கவும் ஓரம் பிடிக்கவும் பல கம்பெனிகள் இரண்டு வகை ரப்பரை அருகருகே வைக்கின்றன. கான்டினென்டல் ஒரே ரப்பரை எடுத்துக்கொண்டு, வேக வைக்கும் சூட்டை இடத்துக்கு இடம் மாற்றி, நடுவைக் கெட்டியாகவும் ஓரத்தை மென்மையாகவும் ஆக்குகிறது. ‘மல்டிகிரிப்’ என்பது இதுதான். ஓட்டுபவருக்கு இதனால் கிடைப்பது, சாய்க்கும்போது ஒரு ரப்பரிலிருந்து இன்னொன்றுக்குத் தாண்டும் உணர்வே இல்லாமல் பிடிமானம் படிப்படியாகக் கூடுவது. ஓரப் பட்டைகளை ஒவ்வொன்றாகப் பழக்கும்போதும் இந்தச் சீரான தன்மை நிறைய உதவியது.

யாருக்கு இது பொருந்தும்? தினசரி ஓட்டமும், நீளப் பயணமும், வளைந்த சாலையில் ஆசையும் உள்ளவர்களுக்குத் தயங்காமல் சொல்வேன். பெட்டிகளும் பின்னால் ஆளுமாக எப்போதும் பாரத்தோடு போகும் கனமான டூரிங் வண்டி என்றால் இதிலேயே ‘ஜி.டி’ என்று பெரிய வண்டிகளுக்காக ஒரு வகை இருக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். ரேஸ் டிராக்கில்தான் அதிகம் ஓட்டுவேன் என்பவருக்கு இது சரியான தேர்வு இல்லை. முன், பின் இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்ற முடிந்தால் மாற்றிவிடுங்கள். தட்டையான பின் டயரோடு உருண்டையான புது முன் டயர் சேரும்போது வண்டியின் குணம் குழப்பமாகிவிடுகிறது. அப்படி ஒன்றை மட்டும் மாற்றினாலும் பழக்கும் முறையில் மாற்றம் இல்லை.

வீட்டில் இருப்பவர்கள் ‘புது டயர்தானே, ஒரு ரவுண்டு கூட்டிக்கொண்டு போ’ என்று ஆசையாகக் கேட்பார்கள். இரண்டு பக்கமும் டயர் நன்றாகத் தேய்ந்து பழகும்வரை பின்னால் யாரையும் ஏற்றாதீர்கள். இன்னொருவர் உட்கார்ந்தால் பின் டயரில் பாரம் கூடும், பிரேக் பிடிக்க வேண்டிய தூரம் கூடும், நாம் டயரிடமிருந்து கேட்டுக்கொண்டிருக்கும் சின்னச் சின்னச் செய்திகளும் அந்தப் பாரத்தில் அமுங்கிப்போகும். ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், அதற்குப் பிறகு தாராளமாகக் கூட்டிக்கொண்டு போகலாம்.